குளம் வெட்ட ஒரு விலை, காக்க மாதந்தோறும் ஒரு விலை: வீட்டு நீச்சல் குளத்தின் மறைமுகச் செலவுகள்

"இரண்டே வாரத்தில் உங்கள் வீட்டில் நீச்சல் குளம்." கைப்பேசியைத் திறந்தால் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாமல் போவதில்லை. தொழிற்சாலையில் அச்சில் வார்த்த ஃபைபர் கிளாஸ் தொட்டியை லோரியில் கொண்டு வந்து, கிரேனால் தூக்கி, தோண்டி வைத்த குழியில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். ஒரு காலத்தில் புக்கிட் துங்கு, டாமன்சாரா ஹைட்ஸ் பங்களாக்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த நீச்சல் குளம், இன்று கிள்ளான், சிரம்பான், சுங்கை பட்டாணி பக்கத்து மூலை வீடுகளுக்கும் இரட்டை வீடுகளுக்கும் வந்துவிட்டது. நம்மவர்கள் பலரும் போட்டிருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குக் குளம் உள்ள ஹோம்ஸ்டே எடுத்துத் தங்கிவிட்டு வரும் குடும்பங்களில், "நம்ம வீட்டிலேயே ஒன்று போட்டால் என்ன?" என்ற பேச்சு காரிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆசைப்படுவதில் தவறில்லை. நம் பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொள்வது நல்லதும்கூட. ஆனால், விளம்பரத்தில் சொல்லப்படும் விலை குழிக்கும் தொட்டிக்கும் உரிய விலை. குளத்தின் விலை அதுவல்ல. அளவையும் மண்ணையும் பொறுத்து ஐம்பதாயிரம் ரிங்கிட்டில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டும் அந்தத் தொகையைக் கொடுத்து முடித்த மறுநாளிலிருந்து இன்னொரு கணக்கு ஓடத் தொடங்குகிறது. அதை யாரும் மேற்கோள் பத்திரத்தில் எழுதித் தருவதில்லை. மின்சாரமும் தண்ணீரும் இப்போது விற்கும் விலையில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

ஓர் உதாரணக் குளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். நடுத்தர வீட்டுக்கு ஏற்ற அளவு. இதில் பிடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 45 கனமீட்டர், அதாவது 45,000 லிட்டர்.

பலரும் முதலில் பயப்படுவது தண்ணீர்க் கட்டணத்தை நினைத்துத்தான். உண்மையில் அது சின்னச் செலவு. 2024 பிப்ரவரியில் தண்ணீர்க் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, சிலாங்கூரில் வீட்டுப் பயனீட்டாளர் மாதம் 35 கனமீட்டரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கனமீட்டருக்கும் 2 ரிங்கிட் 63 சென் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2024இன் அந்த உச்ச விகிதத்திலேயே கணக்குப் போட்டாலும் குளத்தை ஒரு முறை நிரப்ப அப்போது 118 ரிங்கிட்தான் ஆனது. வெயிலில் நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் ஆவியாகும். நம் ஊர் மழை அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

பணம் போகும் இடம் பம்ப்.

குளத்துத் தண்ணீர் அசையாமல் நின்றால் இரண்டே நாளில் பாசி பிடிக்கும். அதனால் தண்ணீரை இழுத்து, மணல் ஃபில்டர் வழியாகத் தள்ளி, மறுபடியும் குளத்துக்குள் விடும் பம்ப் தினமும் ஓட வேண்டும். ஒரு குதிரைத்திறன் பம்ப் ஏறக்குறைய ஒரு கிலோவாட் மின்சாரம் இழுக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். மாதத்துக்கு 240 யூனிட். தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய மின்கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளுக்கு எரிசக்தி, கொள்ளளவு, கட்டமைப்பு ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். அதன்படி பம்புக்கு மட்டும் மாதம் சுமார் 107 ரிங்கிட்.

இது காகிதக் கணக்கு. பில்லில் வருவது இதைவிடப் பெரிதாக இருக்கும். காரணம், 600 யூனிட் என்ற எல்லைக்கோடு. சாதாரணமாக மாதம் 450 யூனிட் பயன்படுத்தும் ஒரு வீட்டில் இந்த 240 யூனிட் சேர்ந்தால் 690 ஆகிவிடுகிறது. 600 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மாதம் 10 ரிங்கிட் சில்லறைச் சேவைக் கட்டணம் தள்ளுபடி; எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் செய்யப்படும் கட்டணச் சரிக்கட்டலும் அவர்களைத் தொடாது. கோட்டைத் தாண்டியவுடன் இரண்டும் தொடும். 600க்கு மேற்பட்ட பயன்பாட்டின் மீது 8 விழுக்காடு சேவை வரியும் சேரும். 1,000 யூனிட் வரை பயன்படுத்துவோருக்குத் தரப்படும் எரிசக்திச் சேமிப்பு ஊக்கக் கழிவோ, பயன்பாடு கூடக் கூடச் சுருங்கிக்கொண்டே போகும் ஒன்று. ஆக, குளத்துக்காகச் செலவழித்த மின்சாரம், குளிர்சாதனத்துக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் செலவழித்த மின்சாரத்தையும் சேர்த்தே விலை ஏற்றிவிடுகிறது. பெரிய வீடு, நான்கைந்து ஏர்கோன், அதோடு குளம் என்று 1,500 யூனிட்டைத் தாண்டுபவர்களுக்கு எரிசக்திக் கட்டணமே யூனிட்டுக்குப் பத்து சென் கூடுதல்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. வேகத்தை மாற்றக்கூடிய பம்ப்கள் சந்தையில் உண்டு. பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் பாதியாக அல்ல, ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும்; இது பௌதிக விதி, விற்பனைப் பேச்சு அல்ல. மெதுவாக அதிக நேரம் ஓடவிட்டாலும் மொத்தத்தில் மிச்சம்தான். விலை கூடுதல் என்பதால் குளம் போடுபவர்கள் பெரும்பாலும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மேற்கோளில் தொகை குறைவாகத் தெரிய வேண்டுமே! நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்கள், வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான உச்ச நேரத்தைத் தவிர்த்து, காலையிலேயே பம்பை ஓட்டி முடித்துவிடலாம்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு குளம் போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் குளத்தைக் கோடையில் திறந்து, குளிர் வந்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். வருடத்தில் ஐந்து, ஆறு மாதம்தான் செலவு. நமக்குக் குளிர்காலம் கிடையாது. தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. பாசிக்கும் கிருமிக்கும் அது திருவிழா. பன்னிரண்டு மாதமும் பம்ப் ஓட வேண்டும், பன்னிரண்டு மாதமும் குளோரின் போட வேண்டும்.

அந்தக் குளோரினும் நம் ஊரில் நிற்பதில்லை. வெயில் ஒரு பக்கம் அதைத் தின்கிறது. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத குளோரின் உச்சி வெயிலில் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பகுதி அழிந்துவிடும். பிற்பகலில் கொட்டும் மழை இன்னொரு பக்கம் தண்ணீரை நீர்க்கச் செய்து, வழியவிட்டு, போட்ட மருந்தையெல்லாம் கால்வாயில் கொண்டு சேர்க்கிறது. குளோரின் அளவு ஒரு லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம், அமில காரச் சமநிலை 7.2 முதல் 7.8 வரை என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் சோதித்துப் பார்த்தால் இரண்டுமே இடம் மாறியிருக்கும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்பது மழைக்காலத்தில் எடுபடாது.

மாத்திரை வடிவில் வரும் குளோரினில் வெயிலைத் தாங்கும் பாதுகாப்புப் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கும். வசதிதான். ஆனால், குளோரின் செலவாகிப் போகும், அந்தப் பொருள் போகாது. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே சேர்ந்து, ஒரு கட்டத்தில் குளோரினை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடும். "எவ்வளவு மருந்து போட்டாலும் பச்சையாகவே இருக்கிறது" என்று புலம்புபவர்கள் பலரின் சிக்கல் இதுதான். அப்போது தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

உப்புக் குளம் போட்டால் குளோரினே வேண்டாம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அது தவறு. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தி, அந்த உப்பிலிருந்தே குளோரினைப் பிரித்தெடுக்கிறது இயந்திரம். அவ்வளவுதான். நம் உதாரணக் குளத்துக்குத் தொடக்கத்தில் சுமார் 150 கிலோ உப்பு தேவைப்படும். மருந்தைக் கையால் தொடும் வேலை குறையும், கண் எரிச்சலும் குறையும். ஆனால், அந்த இயந்திரத்தின் மின்தகட்டுப் பெட்டி சில ஆண்டுகளில் தேய்ந்துபோகும். மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீபாவளி காலையில் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நேராகக் குளத்தில் குதிப்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த எண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் படிந்து, குளோரினை விழுங்கி, ஃபில்டர் மணலைப் பிசுபிசுப்பாக்கி அடைத்துவிடும். இருபது விருந்தாளிகள் இறங்கி ஏறிய ஒரு பிற்பகல், சாதாரண இரண்டு வாரத்துக்குச் சமம். குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது என்றால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் கழிவுப் பொருளின் வாடை அது. தண்ணீர் சுத்தமாக இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? முதல் ஆறு மாதம் வீட்டுத் தலைவர் ஆர்வத்தோடு வலையும் கையுமாக நிற்பார். பிறகு வேலை, மாற்று நேரம், கோயில் கூட்டம் என்று போய்விடும். கடைசியில் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்தான் முடியும். வாரம் ஒரு முறை வந்து, உறிஞ்சி, தேய்த்து, மருந்து போட்டுவிட்டுப் போக மாதம் 200 முதல் 500 ரிங்கிட் வரை கேட்கிறார்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். மருந்து அதில் அடக்கமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. செலவை மிச்சம் பிடிக்க மருந்தை வீட்டிலேயே வாங்கி வைப்பவர்கள், குளோரினையும் அமிலத்தையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு. சமையலறையில் எரிவாயுத் தோம்புக்குப் பக்கத்தில் குளோரின் வாளியை வைத்திருந்த ஒரு வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

இனி மொத்தத்தைப் பார்ப்போம். மின்சாரம், பில்லில் ஏறும் கூடுதல் கட்டணங்களோடு 130 ரிங்கிட். பராமரிப்பு ஆள் 300. தண்ணீரும் சில்லறை மருந்தும் 40. பம்ப், ஃபில்டர் மணல், விளக்கு, ஓடு போன்றவை எப்படியும் ஒரு நாள் போகும். அதற்காக மாதம் 150 ஒதுக்கி வைக்காவிட்டால் பின்னால் மொத்தமாகக் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆக மாதம் 620 ரிங்கிட், ஆண்டுக்கு 7,440. பத்தாண்டில் 74,400 ரிங்கிட். விலை எதுவுமே ஏறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பெரும்பாலான வீடுகளில் குளம் வெட்டிய தொகைக்கு இது சமம் அல்லது அதற்கு மேல். ஒரு குளத்துக்குப் பணம் கொடுத்து இரண்டு குளத்தை வாங்குகிறோம்.

வீட்டின் விலை ஏறுமே என்பார்கள். குளத்துக்குப் போட்ட பணம் அப்படியே வீட்டு விலையில் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பமும் வயதானவர்களும் குளத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதும் உண்டு.

மண்ணுக்கு அடியில் நடப்பது

கிள்ளான், காப்பார், பந்திங் போன்ற கடலோரத் தாழ்நிலங்களில் குளம் போடுபவர்கள் நிலத்தடி நீரைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். மண்ணைச் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் அங்கு ஏராளம். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை வெளியே இருக்கும் தண்ணீரை எதிர்த்து நிற்கும். சுத்தம் செய்கிறேன் என்று மழைக்காலத்தில் குளத்தை முழுதாக இறைத்துவிட்டால், காலியான தொட்டி படகு போல மேலே கிளம்பும். ஃபைபர் கிளாஸ் தொட்டிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முறை கிளம்பிவிட்டால் குழாய்கள் ஒடியும், சுற்றியுள்ள தரை பெயரும். பழைய நிலைக்குக் கொண்டு வருவது பெரும்பாலும் புதிதாகப் போடுவதற்குச் சமம். குளத்தை ஒருபோதும் சொந்தமாக முழுதாக வற்றவிடாதீர்கள்.

கசிவும் அப்படித்தான். நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் கசிந்தால் நம் உதாரணக் குளத்தில் 320 லிட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய பத்து கனமீட்டர். 2024 விகிதப்படி தண்ணீர் பில்லில் 25 ரிங்கிட்தான் கூடியிருக்கும். தொகை சின்னது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், அந்தத் தண்ணீர் மாதக்கணக்கில் அடி மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். முதலில் விரிசல் விடுவது சில வேளைகளில் நம் சுவர் அல்ல, பக்கத்து வீட்டுச் சுவர். கசிகிறதா, ஆவியாகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, குளத்தின் முதல் படியில் வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, மழையில்லாத ஒரு நாள் கழித்துப் பாருங்கள். வாளியைவிடக் குளத்தில் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு.

ஊராட்சி மன்ற அனுமதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். குளம் ஒரு கட்டுமானம். வரைபடம் சமர்ப்பித்து அனுமதி பெற்றுத்தான் தோண்ட வேண்டும். "சின்னக் குளம்தானே, பெர்மிட் எதற்கு?" என்று சொல்லும் குத்தகையாளரிடம் வேலையைக் கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்யும் நாளில் அவர் கைப்பேசியை எடுக்க மாட்டார்.

குளத்தைத் தொடாமலே பணம் கட்டுபவர்கள்

தரை வீடு வாங்க வசதியில்லாத நம் குடும்பங்கள் பெரும்பாலும் அடுக்குமாடி குடியிருப்புகளில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று நினைத்துவிடக் கூடாது. விற்பனைக் கண்காட்சியில் மாதிரி வீட்டைப் பார்த்தவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே ஸ்விம்மிங் பூல் இருக்கா?" என்பதுதான். இருக்கிறது. அதற்குப் பணம் கட்டப் போவதும் நாம்தான்.

2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு அலகைப் பொறுத்தது. யார் குளத்தில் இறங்குகிறார்கள், யார் இறங்கவில்லை என்று பார்ப்பதில்லை. ஒரு நாளும் நீந்தாத பாட்டிக்கும் அதே விகிதம்தான். அதோடு கட்டணத்தில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் எனப்படும் சேம நிதிக்குப் போக வேண்டும். மாதம் 250 ரிங்கிட் கட்டுபவர் இன்னும் 25 ரிங்கிட் கட்டுகிறார். குளத்து ஓடுகள் பெயர்ந்தாலோ, பம்ப் அறை முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தாலோ பணம் வர வேண்டிய இடம் அது. ஆனால் லிஃப்ட் மாற்றுவதற்கும் கட்டடத்துக்குச் சாயம் பூசுவதற்கும்கூட அதே நிதிதான். இருபது வயதான ஒரு கட்டடத்தில் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

நூறு வீடுகளில் நாற்பது பேர் கட்டணம் கட்டாமல் விட்டால் என்னாகும்? முதலில் கைவிடப்படுவது குளம். பச்சை நிறத் தண்ணீர், கயிறு கட்டிய வாசல், "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது" என்ற பலகை. அந்தத் தற்காலிகம் ஐந்து ஆண்டுகளுக்கு நீண்ட குடியிருப்புகள் நம் கண்முன்னே இருக்கின்றன. "குளத்தைத்தான் மூடிவிட்டார்களே, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று அடுத்த பத்துப் பேர் கேட்கத் தொடங்குகிறார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றினாலும் சட்டம் அதை ஏற்காது. பாக்கி வைத்தவருக்குப் பதினான்கு நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வரும். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை போடலாம். விவகாரம் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். வீட்டிலுள்ள அசையும் பொருள்களைக் கைப்பற்றவும் வழி உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாக்கி உள்ளவருக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்குரிமை இல்லை. கோபத்தில் கட்டணத்தை நிறுத்துபவர், தன் கோபத்தைச் சொல்லும் உரிமையையும் சேர்த்தே இழக்கிறார்.

நம்மவர்கள் பெரும்பாலும் ஆண்டுக் கூட்டத்துக்குப் போவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். குளத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது, பராமரிப்புக் குத்தகை எத்தனை பேரிடம் விலை கேட்டுக் கொடுக்கப்பட்டது, சேம நிதியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அங்கே கேட்கலாம். கணக்கறிக்கை உரிமையாளர்களுக்குத் தரப்பட வேண்டிய ஒன்று. குளத்தையே வேண்டாம் என்று முடிவெடுத்து அந்த இடத்தை வேறு பயனுக்கு மாற்ற நினைத்தாலும், நாலு பேர் வாட்ஸ்அப் குழுவில் பேசி முடிக்கிற விஷயமல்ல அது. கூட்டத்தில் வைத்து, முறையாக அனுமதி பெற்றுச் செய்ய வேண்டும். அதுவரை குளத்தைக் காலியாகவும் விடக் கூடாது, பச்சையாகவும் விடக் கூடாது.

ஏனென்றால் கவனிக்காமல் விட்ட குளம் கொசுவுக்குத் தொட்டில். டெங்கி நமக்குப் புதிதல்ல. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வளாகத்தில் ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராத நோட்டீஸ் வரும். நீதிமன்றத்துக்குப் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நன்றாகப் பராமரிக்கப்படும் குளோரின் குளத்தில் கொசு வளராது. ஆபத்து, குளத்தை மூடிய தார்ப்பாயில் தேங்கும் மழைநீரிலும், வழிநீர்க் கால்வாயிலும், பம்ப் நின்றுபோன குளத்திலும்தான். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பணத்தில் சொல்ல முடியாத கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் ரிங்கிட், சென் கணக்கு. குளத்தின் மிகப் பெரிய செலவு இவற்றில் எதுவுமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தை.

நம் வீடுகளில் குளம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரவேற்பறைக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டே அடியில் தண்ணீர். நடுவில் வேலி கிடையாது. வேலி போட்டால் அழகு கெட்டுவிடும் என்பார்கள். குத்தகையாளரும் அதைப் பேசமாட்டார். குளத்தின் நான்கு பக்கமும், வீட்டையும் குளத்தையும் பிரிக்கும்படி, ஏற முடியாத 1.2 மீட்டர் உயர வேலியும் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் இருப்பதுதான் பாதுகாப்பின் முதல் படி. சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். குளத்து விளக்குகளுக்கும் ஓடுகளுக்கும் செலவழிக்க மனம் வரும்போது இதற்கு வராமல் போவது எனக்குப் புரியவில்லை.

மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாயே தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எங்கிருந்து வரும்? பிறந்தநாள் விருந்தில் முப்பது பேர் குளத்தைச் சுற்றி நிற்பார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள். அதனால் அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று பெரியவர்கள் முறை வைத்துக்கொண்டு, அந்த ஒருவர் கைப்பேசியையும் தட்டையும் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலான அடுக்குமாடிக் குளங்களில் உயிர்காப்பாளர் இல்லை. "சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்ற பலகை மட்டுமே உண்டு. அங்கேயும் இதே முறைதான் வேண்டும். குளத்து விளக்கும் பம்பும் இணைந்திருக்கும் மின்கசிவுத் தடுப்பானை மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதிப்பதும், அடியிலுள்ள உறிஞ்சு துளையின் மூடி உடைந்திருந்தால் அதை மாற்றும்வரை யாரையும் இறங்கவிடாமல் இருப்பதும் இதே பட்டியலைச் சேர்ந்தவை.

குளம் போட்டு ஹோம்ஸ்டேயாக விட்டால் செலவை ஈடுகட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் இதுவே பதில். வருமானம் வரலாம். ஆனால் வாரந்தோறும் முன்பின் தெரியாத இருபது பேர் இறங்கும் குளத்துக்கு ஒரு குடும்பம் நீந்தும் குளத்தைப்போல் இரண்டு மடங்கு மருந்தும் ஆளும் தேவை. விருந்தாளியின் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக் காப்புறுதி இதையெல்லாம் தாங்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கிள்ளானில் எனக்குப் பழக்கமான ஒருவர் மூலை வீட்டில் குளம் போட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. "தம்பி, பிள்ளைங்க ரெண்டும் யூனிவர்சிட்டிக்குப் போயாச்சு. இப்போ குளத்துல நீந்தறது இலைதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். தண்ணீர்த் தடை வந்தபோது மட்டும் அக்கம்பக்கத்தினர் கழிவறைக்கு வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போனார்களாம். குளம் ஊருக்கு உதவியது அந்த நாள்களில்தான் என்றார்.

பிள்ளைகள் நீந்தக் கற்க வேண்டும் என்பதே நோக்கம் என்றால், மாதம் 620 ரிங்கிட் என்பது இரண்டு பிள்ளைகளை முறையான பயிற்றுநரிடம் அனுப்பப் போதுமான தொகை. புக்கிட் ஜாலில் தேசிய நீர் விளையாட்டு மையம் போன்ற பொதுக் குளங்களிலும் மாநகர் மன்றக் குளங்களிலும் கட்டணம் செலுத்தி நீந்தலாம். வீட்டுக் குளத்தில் இறங்கும் பிள்ளை விளையாடத்தான் செய்யும். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் நீந்தக் கற்றுக்கொள்வது அபூர்வம்.

ஏற்கெனவே குளம் உள்ள வீட்டை வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். கடந்த ஆறு மாத மின் பில்களும் தண்ணீர் பில்களும் முதலில். குளத்துக்கு ஊராட்சி மன்றம் அனுமதி அளித்த வரைபடத்தின் நகல் அடுத்தது. பம்பை உங்கள் கண்முன்னே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்; சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும். வாளிச் சோதனையை ஒரு நாள் செய்து பாருங்கள். குளத்தை ஒட்டிய தரையிலும் மதிலிலும் புதுச் சிமெண்டுப் பூச்சு தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். குளம் வேண்டாம், மூடிவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குகிறீர்கள் என்றால் அதற்கும் செலவு உண்டு. மேலே மண்ணைக் கொட்டி மூடுவது போதாது. அடித்தளத்தில் துளைகள் போட்டு, மழைநீர் இறங்க வழி செய்து, கல்லும் மணலும் அடுக்கடுக்காக நிரப்பி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்தரைக்கு அடியில் ஒரு சேற்றுத் தொட்டிதான் இருக்கும். அதற்கான மேற்கோளையும் வாங்கி, வீட்டு விலையில் கழித்துப் பேசுங்கள்.